நடைபாதைக்குக் காசு: கேட்கிற விதமாகக் கேட்டால்...!

'தினமும் அரை மணி நேரம் நடங்க' என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார். எங்கே நடப்பது என்று அவர் சொல்வதில்லை!

அமெரிக்காவில் மகனோடோ மகளோடோ ஆறு மாசம் தங்கிவிட்டு வந்த பக்கத்து வீட்டு மாமாவை விசாரித்துப் பாருங்கள். இரண்டு விதமான பதில் வரும். 'வீட்டு வாசல்லயே நடக்கறதுக்குன்னு தனிப் பாதை சார்! கார் கிடையாது, ஹாரன் கிடையாது. சுகர் அப்படியே கட்டுக்குள்ள வந்துடுச்சு' என்பது ஒன்று. 'அதையேன் கேக்கறீங்க... ரோட்டோரத்துல கால் வைக்க இடமில்லை. பையன் கடைக்குக் கூட்டிட்டுப் போனா கடைக்குள்ளேயே நாலு சுத்து சுத்துவேன்' என்பது இன்னொன்று.

ஒரே நாட்டில் ஏன் இந்த வித்தியாசம்? காசு உள்ள ஊர், இல்லாத ஊர் என்று நினைப்பீர்கள். அது பாதிதான் சரி. கேட்ட ஊர், கேட்காத ஊர் என்பதே மீதி.

வேடிக்கை என்னவென்றால், நாடு நொடித்துப்போன காலங்களிலும் அங்கே நடைபாதைக்கு நிறையப் பணம் வந்திருக்கிறது. 1933-ல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானபோது உழைக்கும் வயதில் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. சும்மா இருந்த இளைஞர்களைத் திரட்டிக் காட்டுக்கும் மலைக்கும் அனுப்பினார். மரம் நட்டார்கள், மலைப் பாதை போட்டார்கள். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். பையன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது! 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள் போட்ட பாதைகளில் ஜனங்கள் இன்றும் நடக்கிறார்கள்.

2008-ல் பொருளாதாரம் மறுபடி சரிந்தது. 2009-ல் ஒபாமா அரசு மீட்பு நிதி ஒதுக்கியது. அதில் போக்குவரத்து வேலைகளுக்கென்று ஒரு போட்டி மானியம், 150 கோடி டாலர். 1,400-க்கும் மேல் மனுக்கள், கேட்ட தொகை சுமார் 6,000 கோடி டாலர்! கிடைத்தது 51 பேருக்கு. அந்த 51-ல் ஒன்று, இண்டியானாபொலிஸ் நகரத்தின் நடுவே போட்ட 8 மைல் நடை, சைக்கிள் பாதை.

அது எப்படித் தேறியது? அவர்கள் மனுவோடு மட்டும் போய் நிற்கவில்லை. மானியம் பற்றிப் பேச்சே இல்லாத 2007-லேயே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். க்ளிக் என்ற தம்பதி 1 கோடியே 50 லட்சம் டாலர் நன்கொடை தந்திருந்தார்கள். வரைபடம் தயார், அனுமதி தயார். 2010-ல் 2 கோடியே 5 லட்சம் டாலர் கிடைத்தது. 2013-ல் பாதை திறந்தாகிவிட்டது.

இங்கேதான் என் கட்சி. நடந்தால் சர்க்கரை குறையும், பி.பி. குறையும் என்று நிதி இலாகாவில் போய்ச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பார்கள். எத்தனை பேருக்கு வேலை என்று சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். 2011-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 11 நகரங்களின் 58 வேலைகளைக் கணக்குப் பார்த்தார்கள். 10 லட்சம் டாலரை வெறும் சாலைக்குச் செலவிட்டால் 7.8 பேருக்கு வேலை. நடை, சைக்கிள் பொதுப் பாதைக்குச் செலவிட்டால் 9.6 பேருக்கு. தார், இயந்திரத்துக்குப் போவது குறைந்து ஆள் கூலிக்கு அதிகம் போகிறது. ஆரோக்கியம் நமக்கு லாபம், அதை நாம் மனசுக்குள் வைத்துக்கொள்ளலாம்!

குறையும் உண்டு. இப்படிப்பட்ட மானியம் பெரும்பாலும் கட்டத்தான். அப்புறம் புல் வெட்ட, விளக்கு மாற்ற யார் காசு? இண்டியானாபொலிஸில் அதற்கென்றே ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பாதைக்கு 500 அடிக்குள் இருந்த சொத்துகளின் மதிப்பு 2008-க்கும் 2014-க்கும் நடுவில் 148 சதவீதம் ஏறியதாம். வீட்டுக்காரருக்கு யோகம்தான். வாடகைக்கு இருப்பவர் எங்கே போய் நடப்பார்? மனு எழுதும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

கொரோனாவுக்குப் பின் 2021-ல் வந்த நிதி இன்னும் பெரிது. மாநிலங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர். பூங்கா, நடைபாதைக்கும் அதில் இடம் இருந்தது. பல ஊர்களில் மன்றக் கூட்டம் போட்டு, 'எதுக்குச் செலவு பண்ணலாம், சொல்லுங்க' என்று ஜனங்களைக் கேட்டார்கள். எதற்கு என்று முடிவு செய்யக் கெடு 2024 டிசம்பர். அதுவும் முடிந்துவிட்டது.

நம் பிள்ளைகள் அந்தக் கூட்டங்களுக்குப் போனார்களா? ஒழுங்காக வரி கட்டுகிறார்கள். வாரக் கடைசியில் நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்கள். ஊர் மன்றம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். ஓட்டு இல்லாவிட்டால் என்ன? அந்த ஊர்வாசி என்றால் பெரும்பாலும் எழுந்து பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். 'சாப்பிட்டியா, குழந்தை தூங்கிட்டாளா' எல்லாம் கேட்டான பிறகு இதையும் கேட்டுவையுங்கள்: 'ஏம்ப்பா, உங்க ஊர்ல நடக்கறதுக்குப் பாதை போட வரைபடம் ஏதாவது தயாரா இருக்கா? இல்லேன்னா யார்கிட்ட கேக்கணும்? அடுத்த வருஷம் அப்பா வர்றப்போ எங்கே நடப்பார்?'