விரல் இழந்தவர்களும் கொடி பிடிப்பவர்களும்

திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில்தான் காதர்பேட்டை. ஏற்றுமதிக்குப் போனது போக மிஞ்சியவையும் செக்கிங்கில் கழிக்கப்பட்டவையுமான பனியன்கள் அங்கே குவியல் குவியலாக விற்பனைக்குக் கிடக்கும். அக்குவியல்களுக்கிடையே மண்டையோடும் தீநாக்கும் முள்முள்ளான எழுத்துகளும் அச்சிட்ட கறுப்பு டி-ஷர்ட்டுகள் தட்டுப்படும். அவ்வெழுத்துகள் ஹெவி மெட்டல் இசைக்குழுக்களின் பெயர்கள். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்த பையன் அதை அணிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகிறான். தன் நெஞ்சில் இருக்கும் பெயர் யாருடையது என்று அவனுக்குத் தெரியாதே என்று சொல்லிச் சிரிப்பது நம் இலக்கிய நண்பர்கள் சிலருக்கு உவப்பான பொழுதுபோக்கு.

அந்தச் சிரிப்பில் நாங்கள் கலந்துகொள்வதில்லை. அந்த இசையின் மீது சிரிப்பவர்களைக் காட்டிலும் அந்தப் பையனுக்கே உரிமை அதிகம் என்பது எங்கள் கட்சி. காரணம் எளியது. அது அவனைப் போன்ற ஒருவனின் கையிலிருந்து பிறந்த இசை.

1965ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு வயது பதினேழு. வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில் இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை நசுக்கி எடுத்தது. இடக்கையால் மீட்டும் பழக்கமுள்ளவர் என்பதால் கிதார்க் கம்பிகளை அழுத்த அவருக்கு வேண்டியிருந்தவை அவ்விரல்களே. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். அழுத்த வலிக்காத மெல்லிய கம்பிகளைத் தேடினார். பின்னர் கம்பிகளின் முறுக்கையும் தளர்த்தினார். சுருதி கீழே இறங்கியது, ஒலி கனத்தது. அவருடைய 'பிளாக் சபாத்' குழுவின் இசைத்தட்டுகளில் உலகம் கேட்ட அந்தக் கனம், ஒரு தொழிற்சாலைக் காயத்தோடு சமரசம் செய்துகொண்ட கையின் ஒலி. 'வெறும் இரைச்சல்' என்று நம் விமர்சகர்கள் ஒதுக்கும் ஒலியின் பிறப்பு வரலாறு இது.

இன்னொரு விரல் கதையும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பில்லி ஜோ ஷேவர் இளவயதில் மரம் அறுக்கும் ஆலையில் வலக்கை விரல்கள் இரண்டின் பெரும்பகுதியை இழந்தவர். மிச்சமிருந்த கையோடு கிதார் பழகிப் பாட்டெழுதினார். 1973இல் வெய்லான் ஜென்னிங்ஸ் வெளியிட்ட 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' தொகுப்பின் பாடல்கள் ஏறக்குறைய அனைத்தும் ஷேவருடையவை. 'அவுட்லா கன்ட்ரி' என்று பின்னர் பெயர்பெற்ற, சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களின் நாட்டுப்புறப் பாடல் இயக்கத்தின் தொடக்கப் பிரதிகளில் அது ஒன்று.

அவர்கள் எந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள்? தொப்பியையும் தாடியையும் சிறைக் கதைகளையும் கண்டு மயங்கியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. நாஷ்வில் நகரத்து இசைத்தட்டு நிறுவனங்கள் பாடகனை ஒரு கூலியாளாகவே வைத்திருந்தன. எந்தப் பாட்டு, எந்த வாத்தியக்காரர்கள், எந்த ஒலிப்பதிவுக் கூடம் என்பதையெல்லாம் கம்பெனியே முடிவு செய்யும். 1972இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு மல்லுக்கு நின்று ஜென்னிங்ஸ் புதுப்பித்துக்கொண்ட ஒப்பந்தத்தின் சாரம், தன் பாட்டைத் தானே தீர்மானிக்கும் உரிமை. அவர் முறித்தது நாஷ்வில்லின் தொழில் சட்டத்தை. கலகம் என்று நாம் சிலாகிப்பது அடிப்படையில் உற்பத்தியின் மீதான கட்டுப்பாடு யாருக்கு என்ற வழக்கு. 1976இல் அதே நிறுவனம் 'வான்டட்! தி அவுட்லாஸ்' என்று தொகுப்பு போட்டு அந்தக் கலகத்தையும் விற்றது. பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கன்ட்ரி தொகுப்பு அதுதான். முதலாளி எதையும் வீணாக்குவதில்லை என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த இரண்டு விரல் மரபுகளும் டெக்சாஸில் சந்தித்தன. அம்மாநிலத்து மெட்டல் குழுவான 'பான்டெரா'வைச் சேர்ந்த டைம்பேக் டாரெல், வின்னி பால், ரெக்ஸ் பிரவுன் மூவரும், சிறை மீண்ட அவுட்லா பாடகர் டேவிட் ஆலன் கோவுடன் சேர்ந்து உருவாக்கிய தொகுப்பு 'ரெபல் மீட்ஸ் ரெபல்'. டாரெல் 2004 டிசம்பரில் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 2006இல்தான் அது வெளிவந்தது. தெற்கத்தி மெட்டலுக்கும் அவுட்லா பாட்டுக்கும் உள்ள இரத்த உறவைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். முதலாளியின் முகத்துக்கு நேரே வேலையைத் தூக்கி எறியும் தொழிலாளியின் பாட்டை எழுதியவர் கோ. 1977இல் ஜானி பேசெக் பாடி அமெரிக்கா முழுக்க ஒலித்தது அது. பஞ்சப்படி கேட்டு 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊருக்கு அந்தப் பாட்டு அந்நியமாக இருக்க முடியாது.

ஆனால் அதே கோ, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பாடல்களையும் தனிச்சுற்றுக்கென வெளியிட்டவர். பான்டெரா குழுவினர் தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியைக் கிதாரிலும் டி-ஷர்ட்டிலும் ஏந்தியவர்கள். அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ள நாட்டைப் பிரித்துப் போரிட்ட பண்ணையார்களின் கொடி அது. 'அது எங்கள் மண்ணின் அடையாளம்; கலகத்தின் சின்னம்' என்று விசிறிகள் பல்லாண்டுகள் வாதாடினார்கள். 2016 ஜனவரியில், டாரெல் நினைவாக நடந்த இசைநிகழ்வில், பான்டெராவின் பாடகர் பில் அன்செல்மோ நாஜி பாணியில் கையை நீட்டி வெள்ளையர் அதிகாரம் என்று முழங்கினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். கொடிக்கு என்ன பொருள் என்று அதுவரை புரியாதவர்களுக்கும் புரிந்திருக்கும்.

ஆக, இந்த இசைக்கு இரண்டு வேர்கள். விரல் இழந்தவனின் வேர் ஒன்று, கொடி பிடித்தவனின் வேர் மற்றொன்று. முதலாவது தன் உழைப்பின் மீது உரிமை கேட்டது. இரண்டாவது பாட்டன் காலத்து ஆதிக்கத்தை மீட்டுக் கேட்டது. இரண்டுக்கும் ஒரே கிதார், ஒரே உறுமல். காதுக்கு வேறுபாடு தெரியாது என்பதே இதன் ஆபத்து.

இதை இங்கே இத்தனை விரிவாகச் சொல்லக் காரணம், நம் சூழலில் சில ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஒரு கோரிக்கை. கொங்கு மண்ணுக்கென்று ஒரு கனத்த இசை வேண்டும், உடுக்கையோடும் உறுமியோடும் மின்கிதாரைச் சேர்க்க வேண்டும், அண்ணன்மார் கதையைப் போன்ற வீரகாவியம் கைவசம் இருக்கையில் மேற்கைப் பார்த்து ஏங்குவானேன் என்கிறார்கள் 'வேர்' தேடும் நண்பர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உடுக்கடிக் கலைஞர்கள் இரவிரவாகப் பாடும் அக்கதையின் மீது எங்களுக்கும் காதல் உண்டு. 1960களில் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி அதைப் பதிவுசெய்த பிரெண்டா பெக்கின் உழைப்பின் மீது பெருமதிப்பும் உண்டு. ஆயினும் கேட்காமல் இருக்க முடியவில்லை: பொன்னரும் சங்கரும் யாரை எதிர்த்துப் போரிட்டார்கள்? நிலம் திருத்திய குடியின் தலைமக்கள் அவர்கள். எதிரே நின்றவர்கள் காட்டை நம்பிய வேட்டுவர்கள். அக்காவியத்தின் துயரத்தை மறுக்கவில்லை. ஆனால் அதை அப்படியே ஒலிபெருக்கியில் ஏற்றிக் 'கலகம்' என்று பெயரிட்டால், டெக்சாஸில் கிதாரில் ஏறிய கொடி இங்கே வேறு நிறத்தில் ஏறும். ஏறிக்கொண்டும் இருக்கிறது. திருவிழாக்களில் சாதிப் பெருமைப் பாட்டுக்கு ஆடும் கூட்டத்தைக் காணாதவர்கள் நம்மில் யார்?

இது வெறும் அழகியல் சிக்கலன்று. 2016 மார்ச் 13 அன்று, இதே திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், நடுத்தெருவில் சங்கர் என்ற தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்து மணந்ததுதான் குற்றம். அவருடன் வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா பின்னர் பறை கற்று மேடையில் நின்று அடித்தார். சாவுக்கும் ஊழியத்துக்குமென ஒரு சாதியின் கழுத்தில் ஊர் கட்டாயமாக மாட்டிவிட்ட கருவியை, அச்சாதியில் பிறவாத ஒரு பெண், தன் சொந்த சாதியின் வன்முறைக்கு எதிராக எடுத்து மாட்டிக்கொள்கிறார். கொங்குநாட்டின் கனத்த இசை எது என்று எங்களைக் கேட்டால் இதைத்தான் காட்டுவோம். இதில் மீசை இல்லை, வாள் இல்லை. யாரை நோக்கி அடிக்கப்படுகிறது என்ற தெளிவு இருக்கிறது.

தமிழில் அந்தத் தெளிவை ஒரு முழு இசைக்குழுவாக ஆக்கிக்காட்டியவர்கள் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை ஏறியது. சாதிபேதமற்றவர்கள் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லாட்சியே பெயருக்கு மூலம். சாவு வீட்டிலும் சிறையிலும் வளர்ந்த வடசென்னைக் கானாவையும், பறையையும் சட்டியையும் கட்டமோளத்தையும், மின்கிதாரோடும் ராப்போடும் ஒரே மேடையில் நிறுத்தினார்கள். இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள். மாட்டிறைச்சியைப் பாடினார்கள். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் இசைவாணி என்ற பெண் குரல் எழுந்தது. மெட்டல் என்ற முத்திரை அவர்கள் மீது இல்லை; ஆனால் நம்மிடையே 'அவுட்லா' என்ற சொல்லுக்கு நேரான பாட்டு மரபு உண்டென்றால் அது கானாதான். அதன் மீது மின்னொலியின் கனத்தை ஏற்றியவர்கள் இவர்கள்.

நம் இலக்கியவாதிகள் சொன்னதென்ன? 'பிரச்சாரம்.' நுட்பம் போதாது, பூடகம் இல்லை, உரக்கக் கத்துகிறார்கள். அந்தரங்கமான மெல்லிய சோகத்துக்கே கலை என்று பெயரிட்டுப் பழகிவிட்ட காதுகளின் தீர்ப்பு இது. ஓவர்லாக் மிஷின்கள் நூறு ஒரே கூரையின் கீழ் ஓடும்போது பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு சொல் சொல்லவே கத்தியாக வேண்டும். உரத்த குரல் இவர்களுக்குப் பாணி அல்ல, இருப்பிடம். அதைக் குறையாகக் காண்பவர் அந்தக் கூரையின் கீழ் ஒருபோதும் நின்றதில்லை என்றே கொள்ள வேண்டும்.

அதே வேளை, இந்தத் தரப்பைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடவும் எங்களுக்கு மனமில்லை. ஜென்னிங்ஸின் வழக்கு இங்கே இன்னும் தீர்க்கப்படவில்லை. இதே குழுவில் பாடிய அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021இல் உலகெங்கும் ஒலித்தது. அவ்வாண்டிலேயே ஒரு இசை இதழின் அட்டையில் அவர் முகம் இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, மேடையில் அவர் இல்லை. பாட்டை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பொதுவெளியில் வழக்காட நேர்ந்தது. 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டினால் தங்களுக்கு ஒரு ரூபாயும் வந்துசேரவில்லை என்று அறிவித்தார். வெளியீட்டு நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பெழுதுவது எங்கள் வேலையன்று. நிலமிழந்த பாட்டியின் பாட்டு, பாட்டின் உடைமை யாருடையது என்ற தகராறில் வந்து நின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். பீஸ் ரேட்டுக்குத் தைத்த பனியன் எந்தப் பெயரில் எந்த விலைக்குப் போகிறது என்று அறியாத தையற்காரருக்கு இது புதிய செய்தியல்ல.

'மண்ணின் இசை' என்பவர்களுக்கு இன்னொரு கேள்வி பாக்கி. இன்று திருப்பூரின் மண் யாருடையது? இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் இந்த ஊரின் மிஷின்களில் தென்மாவட்டத்துக்காரர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் அவர்களுடைய கைபேசியில் போஜ்புரியும் ஒடியாவும் பாடுகின்றன. 2023 மார்ச்சில் போலிக் காணொளிகள் கிளப்பிய பீதியில் மூட்டை கட்டி ரயிலேறியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் எழுப்பும் எந்த 'வேர் இசை'யும் இன்னொரு கொடிதான். கொடியின் பொருளை நிறுத்துப் பார்க்க இந்த ஊருக்குத் தகுதி உண்டு. 1932 ஜனவரியில் தடியடிபட்டு வீழ்ந்த குமரன் கையில் இருந்த கொடி, அன்றைய ஆட்சியை எதிர்த்து நின்ற கொடி. எவரையும் அடிமையாக வைத்திருக்கும் உரிமையைக் கேட்டதல்ல.

காதர்பேட்டையில் கறுப்பு டி-ஷர்ட் வாங்கிய பையனிடம் திரும்பி வருகிறோம். நாளை அவன் ஓவர்லாக் பழகுவான். ஒரு நாள் ஊசி அவன் விரலில் இறங்கும். துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைய பீஸ் கணக்கை முடிப்பான். அவனோ அவனுடைய ஒடியா நண்பனோ ஒரு கிதாரைக் கையில் எடுத்தால், அவர்களிடம் உன் வேர் எது, உன் குலதெய்வம் எது என்று கேட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள். உன் பாட்டு யாருக்குச் சொந்தம், யார் முகத்தைப் பார்த்து அதைப் பாடுகிறாய் என்று கேளுங்கள். அதற்கு அவன் சொல்லும் பதில், நம் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உவப்பாக இராது. உவப்பாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.