நூலுக்கும் முகவரி உண்டு

ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களில் இன்று எமது பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். அகதி முகாம்களிலும் உணவகச் சமையலறைகளிலும் காலங் கழித்த பெற்றோருக்கு இதைவிட வேறு பேறு வேண்டியதில்லை. ஆயினும் அப்பிள்ளைகள் எழுதும் பருவக் கட்டுரைகள் குறித்து ஒரு குறையை அடிக்கடி கேட்கின்றோம். பொருள் நன்று, மொழியும் நன்று. நூற்சான்றுகள்தாம் ஒழுங்காக இல்லை என்பதே அது. "ஒரு காற்புள்ளிக்கும் ஆண்டுக்குமா புள்ளியைக் குறைப்பது?" என்று பெற்றோர் சிலர் சினங்கொள்கின்றனர். அடிக்குறிப்பைக் கட்டுரைக்குக் கட்டும் தோரணமாக எண்ணுவதால் வரும் சினம் இது.

நொய்கெல்னில் வாழும் எமது வாசகர்கள் இதற்கு உதாரணந் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2015 முதல் 2018 வரை இம்மாவட்டத்தின் முதல்வராக விளங்கியவர் பிரான்சிஸ்கா கிஃபை. பின்னர் அவர் கூட்டாட்சி அரசில் குடும்ப நல அமைச்சரானார். பேர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் 2010 இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியிருந்தது. பிறருடைய எழுத்தும், பிறர் தேடிக் கண்ட நூற்சான்றுகளும் அவரது ஆய்வேட்டில் போதிய குறிப்பின்றி எடுத்தாளப்பட்டுள்ளன என்ற குற்றச்சாட்டு 2019 இல் எழுந்தது. தாம் மனச்சாட்சிப்படியே எழுதியதாக அவர் கூறினார். பல்கலைக்கழகம் முதலிற் கண்டனத்தோடு அமைந்தது. பின்னர் மீண்டும் ஆராய்ந்து 2021 யூனில் பட்டத்தை மீளப்பெற்றது. அதற்கு முந்திய மாதமே அவர் அமைச்சர் பதவியைத் துறந்திருந்தார். அவ்வாண்டின் இறுதியில் அவர் பேர்லினின் ஆளும் முதல்வராகத் தெரிவானார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். மக்கள் மன்றத்தின் அளவுகோல் வேறு. அறிவு மன்றத்தின் அளவுகோல் வேறு. எமது பிள்ளைகள் நிற்பது இரண்டாவது மன்றத்தில்.

முகவரியின் அருமையை அகதிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வதிவிடப் பதிவின்றி இந்நாட்டில் எக்கருமமும் நடவாது. நூலுக்கும் அவ்வாறே. ஆசிரியர், நூற்பெயர், பதிப்பு, வெளியிட்ட இடம், ஆண்டு, பக்கம் என்பன சேர்ந்தே அதன் முகவரியாகின்றன. உசாத்துணை நூல்களுக்கு முறை சற்று வேறு. தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 'கலைக்களஞ்சியம்' என்று மட்டும் எழுதிவைத்தால் வாசகர் எத்தொகுதியிற் தேடுவார்? கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் பெயர் இருப்பின் அது, தொகுதி, ஆண்டு, பக்கம் ஆகிய அனைத்தும் வேண்டும். யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 இல் வெளியிட்ட 'அபிதான கோசம்' போன்று அகரவரிசையில் அமைந்த நூலுக்கோ தலைச்சொல்லே முதன்மையானது. பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், தலைச்சொல் மாறாது.

எமது பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்குள்ள அலுவலகங்கள் குடும்பப் பெயர் கேட்டபோது எம்மிற் பலர் தந்தையின் பெயரைக் கொடுத்தோம். அப்பழக்கம் பிள்ளைகளின் நூற்பட்டியலிலும் புகுந்துவிடுகின்றது. தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலை 1968 இல் ஒக்ஸ்போட்டில் வெளியிட்டவர் க. கைலாசபதி. 'க' என்பது தந்தையார் கனகசபாபதியைக் குறிக்கும். பட்டியலில் 'கைலாசபதி, க.' என்றே அவர் வரவேண்டும். கனகசபாபதி என்று போட்டால் அந்நூலை எவரும் கண்டெடுக்க முடியாது. அறிஞர் ஒருவரைத் தந்தையின் பெயருக்குள் தொலைத்தவராவோம்.

'இது மேனாட்டார் வழக்கம்' என்று ஒதுக்குவோருக்கும் ஒன்று சொல்வோம். 1887 இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் நூற்பெயர் கூறாது எடுத்தாண்ட மேற்கோள்களின் இருப்பிடத்தை அறியப் பட்ட பாடு பெரிது. பெயர் சுட்டாத மேற்கோள் பின்வருவோர் தலையில் எத்துணைச் சுமையை ஏற்றும் என்பதை எமது பதிப்பாசிரியர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

சான்றின்மை எமது சொந்தத் துயரையும் பலவீனப்படுத்தும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அது மறுக்கவொண்ணாப் பேரிழப்பு. ஆனால் யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதியும் அங்கே எரிந்தது என எம்மவரும் பிறரும் சான்று காட்டாமலே திரும்பத் திரும்ப எழுதுகின்றனர். மயில்வாகனப் புலவரின் அந்நூலை 1879 இல் பிறிற்றோ ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட்டார். குல. சபாநாதனின் பதிப்பு 1953 இல் வெளிவந்தது. எரிந்தது ஓர் ஏட்டுப்பிரதியாக இருக்கலாம், நூல் அழியவில்லை. முழு உண்மையையும் மறுக்க வழி தேடுவோருக்குச் சான்றற்ற இத்தகைய ஒரு வரியே போதுமானது.

ஆதலின் மாணவர்களுக்கு நாம் கூறுவது இது. ஜேர்மன் நூல்களை மட்டுமன்றித் தமிழ் நூல்களையும் தயங்காது மேற்கோள் காட்டுங்கள். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் ஈழத்து வெளியீடுகள் பல்லாயிரம் உள. பேர்லினில் இருந்தவாறே பக்க எண்ணைக் காட்டலாம். நீங்கள் கண்ணாற் காணாத நூலைக் கண்டதாகக் காட்டாதீர்கள். வேறொருவர் நூல்வழி அறிந்ததாயின் அவர் பெயரையும் சொல்லுங்கள். பெற்றோரும், மேடைப் பேச்சாளரும், எம்மைப் போன்ற பத்திரிகைக்காரரும் 'அறிஞர் ஒருவர் கூறினார்' என்னும் வழக்கை விட்டொழிக்க வேண்டும். எவ்வறிஞர், எந்நூலில், எப்பக்கத்தில் என்று பிள்ளைகள் எம்மை வினவட்டும். விடை கூற இயலாதவிடத்து அவ்வரியை எழுதாது விடுவதே முறை.