பத்து சனிக்கிழமையில் கவுன்சிலர் ஆகலாமா?

"கவுன்சிலிங் கோர்ஸ் ஒண்ணு சேரலாம்னு இருக்கேன்" என்று வீட்டில் சொன்னதும் அப்பாவுக்கு அண்ணா பல்கலைக்கழகம்தான் ஞாபகம் வந்தது. "நீதான் பி.காம். சேர்ந்தாச்சே, இப்ப எதுக்குடா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. 1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றால் கட்-ஆஃப், ரேங்க், கிண்டியில் பெட்டி படுக்கையோடு காத்திருப்பது என்றே ஆகிவிட்டது (2018 முதல் அது ஆன்லைன்). பாட்டி இன்னும் ஒரு படி மேலே போய், "கவுன்சிலரா? எந்த வார்டுல நிக்கப் போற?" என்று கேட்டார். தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டு இருக்கிறது, ஒன்றாவது கிடைக்காமலா போகும் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுச் சுவர்களில் ஒட்டாத நோட்டீஸ் கிடையாது. டைப்பிங், டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ், மூலம் பவுத்திரம். அந்த வரிசையில் புதிதாக ஒன்று பார்த்தேன்: பத்து சனிக்கிழமை, நாளைக்கு நாலு மணி நேரம், முடிவில் சான்றிதழ், நீங்களும் மனநல ஆலோசகர் ஆகலாம். கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. காரணம், எங்கள் ஹாஸ்டலில் யாருக்குக் காதல் தோற்றாலும், அரியர் விழுந்தாலும், வீட்டில் சண்டை என்றாலும் தட்டப்படுவது என் அறைக் கதவுதான். நான் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. டீ வாங்கித் தருவேன், கேட்டுக்கொண்டிருப்பேன். இதையே முறையாகக் கற்றுக்கொண்டால் நல்லதுதானே?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பத்து சனிக்கிழமை, நாலு மணி நேரம், மொத்தம் 40 மணி. 2021-ல் மத்திய அரசு மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதுவரை எந்த மன்றத்தின் கீழும் வராத பல வேலைகள் அதன் பட்டியலில் இருக்கின்றன. பல வகைக் கவுன்சிலர்களும் உண்டு. அந்தச் சட்டம் குறைந்தபட்சப் படிப்பு என்று சொல்வது 2000 மணி நேரம், அதாவது நம் நோட்டீஸ் தருவதைப் போல ஐம்பது மடங்கு. 'க்ளினிகல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு போட, 1992-ம் வருடச் சட்டப்படி மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். முறையாகப் படிக்க வேண்டும் என்றால் எழும்பூரில் 1952 முதல் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் கவுன்சிலிங் சைக்காலஜி எம்.எஸ்சி. இருக்கிறது. இரண்டு வருடம்.

இதோடு முடித்து, "குறுகிய கோர்ஸ் எல்லாம் டுபாக்கூர்" என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் நம்ம ஊரிலேயே அதற்கு நேர் எதிரான ஒரு சாட்சி இருக்கிறது. தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் அதைத் தாண்டித்தான் போகிறோம்.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான காசநோய் ஆஸ்பத்திரி 1928-ல் டாக்டர் சவுரிமுத்து ஆரம்பித்தது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். தொண்ணூறுகளில் பல இடங்களில் இந்த நோயாளிகளைத் தொடவே பயந்தபோது சானடோரியத்தில் படுக்கை கொடுத்தார்கள். ஆந்திராவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆனால் கொடுக்க மருந்து கிடையாது. அரசாங்கம் இலவச ஏ.ஆர்.டி. மாத்திரை கொடுக்கத் தொடங்கியதே 2004 ஏப்ரல் 1-ல்தான். நாட்டில் முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று.

மருந்தே இல்லாத காலத்தில் ஒருவரிடம் "உங்களுக்கு இருக்கிறது" என்று யார் சொல்வது, எப்படிச் சொல்வது? ஹெச்.ஐ.வி. பரிசோதனை மையங்களில் அதற்காகவே ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் உட்காருபவர்தான் கவுன்சிலர். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தச் சொல் ஒரு சாதாரண வேலையின் பெயராகப் புழங்க ஆரம்பித்ததில் ஹெச்.ஐ.வி.க்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். அந்த நாற்காலிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சமூகப்பணியோ உளவியலோ சமூகவியலோ படித்தவர்கள். அதற்கு மேல் இந்த வேலைக்கென்று தனியாகக் கிடைத்த பயிற்சி நாள் கணக்கில்தான், வருடக் கணக்கில் இல்லை.

அது எப்படி நடந்தது என்றால், வேலை அவ்வளவு தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. ரத்தம் எடுப்பதற்கு முன்னால் இது என்ன பரிசோதனை என்று விளக்கி சம்மதம் வாங்க வேண்டும். முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் மட்டும், தனி அறையில் சொல்ல வேண்டும்; வாசலில் நிற்கும் மாமனாரிடம் சொல்லக்கூடாது. நெகட்டிவ் என்றாலும் சமீபத்தில் தொற்றியிருந்தால் தெரியாது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்ல வேண்டும். பாசிட்டிவ் என்றால் மனைவியிடமோ கணவனிடமோ எப்படிச் சொல்வது என்று கூட உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மாத்திரை வந்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று, மாதம் 60. அடுத்த மாதம் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி மிச்சத்தை எண்ணிப் பார்ப்பது. எட்டு மிச்சம் இருந்தால் திட்டாமல், ஏன் என்று கேட்பது. வீட்டில் ஆட்கள் இருக்கும்போது மாத்திரை போட முடியவில்லை என்று பதில் வரும். அதற்கு அவரும் இவருமாக ஒரு வழி பார்ப்பார்கள். தனக்குக் கை மீறியது எதுவானாலும் பக்கத்து அறையில் டாக்டர் இருக்கிறார். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் இந்தப் பேச்சு கட்டாயம் என்பது 2017-ம் வருட ஹெச்.ஐ.வி. சட்டத்திலேயே வந்துவிட்டது.

கோவாவில் செய்து பார்த்ததும் கிட்டத்தட்ட இதுதான். மனநலத்தில் எந்தப் பட்டமும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு தடவை பேச வைத்தார்கள். பலன் இருந்தது, 2017-ல் லான்செட் இதழில் வெளியானது. பயிற்சி எவ்வளவு? வகுப்பு மூன்றே வாரம். ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதம் மேற்பார்வையில் பழகினார்கள். பேசியதைப் பதிவு செய்து குழுவாக உட்கார்ந்து கேட்டு, எங்கே சொதப்பினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஆக, நாள் குறைவு என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. என்ன வேலைக்கு, யார் பார்வையில், கை மீறினால் யாரிடம் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, "வகுப்பு முடிஞ்சப்புறம் நாங்க பேசறதை யாராவது கவனிச்சுத் திருத்துவாங்களா?" என்று கேட்டேன். "சர்டிஃபிகேட் லேமினேட் பண்ணியே தர்றோம் சார்" என்று பதில் வந்தது.

அம்மாவின் கட்சி வேறு. "பேசறதுக்கு ஒரு கோர்ஸா? எங்க பெரியம்மா திண்ணையில உக்காந்து பண்ணாததா?" பெரியம்மா செய்தது புத்தி சொல்வது. நம் மொழியிலேயே சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'ஆலோசகர்' என்றால் ஆலோசனை சொல்பவர் என்றாகிறது. இலங்கைத் தமிழில் 'உளவளத்துணை' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருந்தபோது, பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களையும் ஊர்ப் பணியாளர்களையும் இதற்குப் பழக்கினார்கள். துணை என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. துணைக்கு வருபவர் வழி காட்ட வேண்டியதில்லை, கூட நடந்தால் போதும்.

நோட்டீஸில் என்னை உறுத்துவது 'ஆகலாம்' என்ற அந்த ஒரு வார்த்தை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவன் வந்து "செத்துடலாம் போல இருக்குடா" என்கிறான். சான்றிதழ் இல்லாத நான் அவனைத் தனியாக விடமாட்டேன், வார்டனை எழுப்புவேன், 14416-க்கோ 104-க்கோ போன் போடுவேன். லேமினேட் செய்த சான்றிதழ் மேஜையில் இருந்தால் நானே சமாளிக்கப் பார்ப்பேனோ என்று பயமாக இருக்கிறது. என் பயமெல்லாம் அதுதான். அந்த இடத்தில் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு: "தற்கொலை பண்ணிக்கணும்னு யோசிக்கிறியா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் பலர் வாயையே திறக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க 40 மணி நேரம்கூட வேண்டாம்.

1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி வைத்தார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். டீ குடித்துக்கொண்டே அவர்களிடம் பேசியதில் மனசு லேசாகி, பாதிரியாரைப் பார்க்காமலே பலர் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அடுத்த வருடமே அவர் போனைத் தன்னார்வலர்கள் கையில் கொடுத்துவிட்டார். டீ வாங்கித் தரும் கட்சியைச் சேர்ந்த எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது!

அதே வழியில் சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பித்தது ஸ்நேகா (044-24640050). அங்கே போனை எடுப்பவர்கள் தன்னார்வலர்கள், பயிற்சிக்குப் பிறகுதான் எடுக்கிறார்கள். தங்கள் வேலையைக் கவுன்சிலிங் என்று சொல்லிக்கொள்வதுகூட இல்லை, நட்பாகத் துணை நிற்பது என்கிறார்கள். நான் கேட்ட மூன்றுக்கும் அங்கே பதில் இருக்கும் போலத் தெரிகிறது. என்னை எடுத்துக்கொள்வார்களா என்பது அவர்கள் பாடு.

சனிக்கிழமை கோர்ஸை விட்டுவிட்டேன். செமஸ்டர் முடிந்ததும் ராஜா அண்ணாமலைபுரம் போய் விசாரிக்கப் போகிறேன். வகுப்பில் யாராவது கூட வருவதாக இருந்தால் சொல்லுங்கள். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை பஸ், அங்கிருந்து பறக்கும் ரயிலில் கிரீன்வேஸ் ரோடு. டீ என் செலவு.