இல்லாளுடன் ஒரு பயணம்

கொச்சியில் சிறு தேநீர்க்கடை நடத்திய விஜயன் – மோகனா தம்பதியரை அறிவீர்கள். அன்றாட வருவாயில் 300 ரூபாயை ஒதுக்கியும், கடன் பெற்று உழைத்து அடைத்தும் 26 நாடுகளை இருவரும் சேர்ந்தே கண்டனர். 2021 அக்டோபரில் மாஸ்கோ நகரைப் பார்த்துத் திரும்பினர். மறுமாதமே விஜயன் காலமானார்.

இதனை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். “பூண்டி ஏரியையாவது நாம் சேர்ந்து பார்த்திருக்கிறோமா?” என்று கேட்டார். தலை குனிந்தேன். திருப்பாச்சூருக்கு அருகிலேயே அந்நீர்த்தேக்கம் இருந்தும், மதரஸா வேலையைக் காரணங்காட்டி இருபதாண்டுகளைக் கடத்திவிட்டேன்!

மாஸ்கோ நம் கைக்கு எட்டாது, பூண்டி எட்டும். வரும் வெள்ளியன்று ஜும்ஆ முடிந்ததும் புறப்படுகிறோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் இல்லாளின் விருப்பம் யாது? இன்றே கேட்டறியுங்கள்.