எல்லைப் பாலாற்றின் கரைகளுக்கு ஒரே சீரமைப்புத் திட்டம்: எங்கள் நிலைப்பாடு

பாலாறு என்றதும் வேலூர்ப் பக்கத்து ஆறுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாங்கள் பேசுவது, பர்கூர் மலைக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் இடையே தமிழ்நாடு–கர்நாடக எல்லையாக ஓடி, அடிப்பாலாற்றில் காவிரியின் மேட்டூர் நீர்த்தேக்கத்தைச் சேரும் காட்டாற்றைப் பற்றி. கொளத்தூர் வழியாக மாதேஸ்வரனைக் கும்பிடப் போகிறவர்கள் கடக்கும் ஆறு இது.  அக்கரை கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம்.

இந்த ஆற்றைச் சீரமைக்கும் வேலை கரையிலிருந்து தொடங்க வேண்டும். இரு மாநில வனத்துறைகளும் ஒரே திட்டமாக அதைச் செய்ய வேண்டும். காட்டுப் பகுதிக்குள் புதிய சிமென்ட் தடுப்பணைகள் வேண்டாம். இதுவே எங்கள் நிலைப்பாடு.

இதற்காக யாருடைய பட்டா நிலத்தையும் கையகப்படுத்த வேண்டியதில்லை. காட்டுக்குள் இரு கரையும் அரசு வனநிலம். கர்நாடகம் 2013இல் மாதேஸ்வரன் மலையைச் சரணாலயமாக்கியது. தமிழ்நாடு 2023இல் அந்தியூர், கோபி வட்டக் காடுகளைத் தந்தை பெரியார் சரணாலயமாக்குவதாக அறிவித்தது. காவிரி என்றதும் எழும் அச்சத்துக்கும் இங்கே இடமில்லை. கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்த 177.25 டிஎம்சி காவிரி நீர் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. பாலாறு அதற்கும் கீழே கலக்கிறது. கரையில் மரம் வளர்ப்பதால் எந்த மாநிலத்தின் பங்கும் குறையாது.

இந்தக் காடுகளை அரிப்பது உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி இது. மாதேஸ்வரன் மலைக் காடுகளில் புதராக மண்டி, அடியில் புல் முளைக்கவிடாமல் செய்கிறது. புல் போனால் மானுக்கும் காட்டெருமைக்கும் தீனி குறைகிறது, மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லை. பெருமழையில் கரை கரைந்து ஆற்றில் விழுகிறது.

பொக்லைன் விட்டு வாரினால் ஒரே வாரத்தில் கரை வெளுத்துவிடும். ஆனால் கிளறிய மண்ணில் அதே செடி மறுபடி முளைக்கும். தரைமட்டத்தில் வெட்டினாலும் துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடும் முறைதான் பலன் தருகிறது. பறவைகள் பழம் தின்று எச்சமிடும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளையும் தொடர்ந்து சில ஆண்டுகள் பிடுங்க வேண்டும். இது கைவேலை, பொறுமையான வேலை. அதைச் செய்ய ஆள் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. மாதேஸ்வரன் மலையில் வாழும் சோளகப் பழங்குடியினர் உண்ணிக்குச்சியில் நாற்காலியும் கூடையும் செய்து விற்கிறார்கள். அந்தச் செடியை அவர்களைவிட அறிந்தவர்கள் யார்? வேலையும் கூலியும் முதலில் அவர்களுக்கே. வனஉரிமைச் சட்டம், 2006 காட்டைக் காக்கவும் மீட்கவும் கிராமசபைக்கு உரிமை தந்திருக்கிறது. திட்டம் கிராமசபையிலிருந்தே தொடங்கட்டும்.

புதர் அகன்ற இடத்தில் நீர்மருது, புங்கன், நாவல், மூங்கில் போன்ற இந்தக் கரைக்கே உரியவை வரட்டும். தைலமரமும் வேலமரமும் வரிசை கட்டி நடுவதை நாங்கள் ஏற்க மாட்டோம். வேனிலில் தேங்கி நிற்கும் மடுக்களே யானைக்கும் மீனுக்கும் புகலிடம். அவற்றின் மேல் நிழல் விழுவது தடுப்பணை நீரைவிடப் பெரிது. காட்டு ஓடையில் குறுக்குச் சுவர் எழுப்பினால் மணல் பின்னால் தேங்கும், மீன் மேலேற முடியாது, கீழே ஓடும் நீர் கரையை இன்னும் வேகமாக அறுக்கும்.

மாடுகளைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு பெண்புலியும் நான்கு குட்டிகளும் புலி கொன்ற மாட்டின் உடலில் விஷம் கலக்கப்பட, அதைத் தின்று செத்தன. அந்தத் துயரம் எங்களையும் உலுக்கியது. ஆனாலும் மேய்ப்பர்கள் எல்லோரையும் எதிரியாக்குவதால் காடு காப்பாற்றப்படாது. பர்கூர் மாடு இந்த மலையோடு வளர்ந்த இனம். சீரமைக்கும் கரையில் மேய்ச்சலை நிறுத்தலாம். ஆனால் மாடுகள் நீர் குடிக்க இறங்கும் துறைகளை மேய்ப்பர்களோடு பேசி முடிவுசெய்த பிறகே நிறுத்த வேண்டும். புலி கொன்ற மாட்டுக்கு இழப்பீடு தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும்.

சிவராத்திரி, தீபாவளி நாட்களில் மலைக்குப் போகும் தமிழ்நாட்டுப் பக்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாலாற்றுப் பாலத்தருகே தண்ணீர்ப் பாட்டிலையோ சாப்பாட்டுப் பொட்டலத்தையோ போடாதீர்கள், கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோங்கள்.

இரு மாநில வனத்துறைகளும் சோளகர், மேய்ப்பர் பிரதிநிதிகளைச் சேர்த்து ஒரு கூட்டுக்குழு அமைத்து, அடுத்த பருவமழைக்கு முன் பாலாற்றுக் கரைகளை நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.