சாம்பவர் வடகரை தந்த இசையாசிரியர்

திருநாள் நெருங்கும்போதெல்லாம் நம் பங்குகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. 'சாமி, புது கீபோர்டு ஒன்று வாங்கிவிட்டால் பாட்டு சரியாகிவிடும்' என்பர். வாங்குகிறோம். தாளத்தையும் அதுவே போட்டுக்கொள்கிறது. பாடற்குழுப் பிள்ளைகளோ சுருதி இன்னதென்று அறியாமலே பள்ளிப்படிப்பை முடித்து வெளியூர் போய்விடுகின்றனர். கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தலாமே என்றால், 'சம்பளத்துக்கு எங்கே போவது?' என்ற கேள்வி வருகிறது. இக்கேள்வியைச் செவியுறும்போதெல்லாம் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நம் நினைவுக்கு வருகின்றார்.

இலஞ்சியில் வாழும் வாசகர்களுக்குச் சுரண்டைக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரை தொலைவான ஊரன்று. அங்கு 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். அவர் நம் திருச்சபையினர் அல்லர். சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர். நல்லதை யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம் என்னும் துணிவில் அவரைப்பற்றி எழுதுகிறோம்.

திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் இசை பயின்றார். பின்னர் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து, துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாள் தலைமையாசிரியையாக விளங்கிய பெண்கள் பள்ளியில் தமிழாசிரியராகப் பணிபுரிந்தார். சித்த மருத்துவத்தில் அவருக்கு இளமைமுதலே நாட்டம். ஆசிரியப் பணியை விட்டு அதில் இறங்கினார். சுருளிமலையில் தாம் கண்டு உபதேசம் பெற்ற கருணானந்த முனிவரின் பெயரையே தம் மருந்துகளுக்கும் சூட்டினார். மருந்து நன்றாக விற்றது. வந்த செல்வத்தை அவர் செலவிட்ட வகைதான் நம் கருத்தைக் கவர்வது.

1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். வித்துவான்களை வரவழைத்து மாநாடுகள் கூட்டினார். செலவைத் தாமே ஏற்றார். 1916இல் பரோடாவில் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டுக்குச் சென்றபோது தம் கொள்கையை அவர் வாயால் மட்டும் விளக்கவில்லை. உடன் வந்த அவருடைய பெண்மக்கள் அதனைப் பாடியும் வீணையில் வாசித்தும் மெய்ப்பித்தனர். குடும்பப் பெண்கள் சபையேறிப் பாடுவதை ஊர் ஏற்காத காலம் அது! மறு ஆண்டு, 1917இல், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அதைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார்.

நூலின் மையம் ஒரு கணக்கு. சட்ஜத்தில் தொடங்கிப் பஞ்சமத்துக்குப் பஞ்சமமாக 12 முறை ஏறினால், ஏழு ஸ்தாயிகளைக் கடந்து மீண்டும் சட்ஜத்தில் வந்து நிற்கவேண்டும். ஆனால், 128 வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 129.75 வருகிறது. இந்தச் சிறு மிச்சத்தை மேல்நாட்டார் 12 சுரங்களுக்கும் பகிர்ந்து வைத்தனர். பியானோவும் கோவில் ஆர்மோனியமும் அவ்வாறே சுருதி கூட்டப்படுகின்றன. பண்டிதரோ, வடமொழி நூல்கள் கூறும் 22 சுருதிகளை மறுத்து, ஸ்தாயியை 24 சம அலகுகளாகப் பகுப்பதே பழந்தமிழர் முறையென்றும், சிலப்பதிகாரம் குறிக்கும் வட்டப்பாலைக்கு அதுவே பொருளென்றும் வாதிட்டார். இதை வித்துவான்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டாரில்லை. நம் செவிக்கும் தம்புராவில் எழும் பஞ்சமமே ஆர்மோனியத்தினதைவிட நிறைவாக ஒலிக்கிறது. முடிவு எதுவாயினும், தமிழிசைக்கு இலக்கணம் உண்டு, அதைக் கணக்கிட்டுக் காட்டவும் முடியும் என்று அவர் நிறுவ முனைந்த முயற்சியின் அளவை எவரும் மறுக்கவில்லை.

ஆராய்ச்சியோடு அவர் நின்றுவிடவில்லை. பயிலத் தொடங்கும் பிள்ளைகள் பொருள் விளங்காத மொழிகளில் கீதங்களை நெட்டுருச் செய்வதைக் கண்டு, அவர்களுக்காகத் தமிழிலேயே கீதங்களும் கீர்த்தனைகளும் இயற்றி வெளியிட்டார். இதனை நாம் அவருடைய பெருநூலுக்கு இணையாகவே மதிக்கிறோம்.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் இறந்தார். நூலின் இரண்டாம் பாகம் 1946இல்தான் வெளிவந்தது. மகன் வரகுண பாண்டியன் யாழைப்பற்றிப் 'பாணர் கைவழி' என்ற நூலை எழுதினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் தக்க இடமும் தரவேண்டுமென்று பணித்தது. பண்டிதர் அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

நம் பங்கில் சனிக்கிழமை மாலைகளில் பதினொரு பிள்ளைகள் சரளி வரிசை பாடத் தொடங்கியுள்ளனர். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இப்போதைக்கு ஊதியமின்றிக் கற்பிக்கிறார். அவருக்கு மாதந்தோறும் ஏதேனும் கொடுக்கவேண்டும் என்னும் நம் கோரிக்கை பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. அதே கூட்டத்தில் புது ஒலிபெருக்கி வாங்கும் கோரிக்கையும் வருகிறது.