இருவருக்கு மட்டும் ஒரு பயணம்



கலியாணமான நாள் முதல் கணவனும் மனைவியுமாக, இருவர் மட்டும் போய்வந்த ஊர்களைச் சொல்லுங்கள் என்றால், விரல் மடக்கத் தயங்குபவர்கள் நம்மில் எத்தனை பேர்! திருவிழாவுக்குப் போனால் பிள்ளைகள், மாமியார், நாத்தனார் எல்லாரும் கூட வருவார்கள். இருவர் மட்டும் போன இடம் என்றால் அது மருத்துவமனையும் வங்கியும்தான். ஆகவே, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒரு தூர தேசத்தைப் பார்த்து வருவோம் என்று ஒரு தம்பதி ஆசைப்பட்டால், அதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வீணாகக் கூடாது. திரும்பி வரும்போது பெட்டியோடு மனக்கசப்பும் சேர்ந்து வரக் கூடாது. தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் கரீபியன் கடலோரத்தில் இருக்கிறது கார்த்தஹேனா நகரம். அங்கே போய்வர எப்படித் திட்டமிடுவது என்று இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் நாள் கணக்கு. இங்கிருந்து நேர் விமானம் கிடையாது. ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாறி, தலைநகர் பொகோட்டாவை அடைந்து, அங்கிருந்து இன்னும் ஒன்றரை மணி நேரம் பறக்க வேண்டும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்று ஒதுக்கிவிடுங்கள். ஒன்பது நாள் விடுப்பு எடுத்தால் ஊரில் இருக்கக் கிடைப்பது ஐந்தே நாள். அமெரிக்கா வழியாகச் சீட்டு மலிவாகக் கிடைத்தாலும் உடனே வாங்கிவிடாதீர்கள். அங்கே விமானம் மாறுவதற்குக்கூட மலேசியருக்கு விசா வேண்டும்.

பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. கொலம்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளில் ஒன்று. அங்கிருந்து வருவோரிடம் மலேசியாவும் சிங்கப்பூரும் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கின்றன. இல்லாதவரை வந்து இறங்கியதும் தனிமைப்படுத்தவும் கூடும். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசி எல்லா நேரத்திலும் ஒத்துக்கொள்வதில்லை. எனவே மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பயணச் சீட்டு வாங்குங்கள். வாங்கிவிட்டு மருத்துவரைப் பார்க்காதீர்கள்.

வெயில் அங்கே ஆண்டு முழுவதும் நம்மூர் வெயில்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, பிப்ரவரி வாக்கில் போவது நல்லது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். திட்டம் போடுவது யார்? நம் வீடுகளில் பெரும்பாலும் ஐயா திட்டம் போடுவார். அம்மா பெட்டி அடுக்குவார். அங்கே போனதும் ஐயா முன்னால் நடப்பார். அம்மா பின்னால் மூச்சு வாங்க ஓடுவார். இப்படிப் போவதற்குப் பத்தாயிரம் மைல் எதற்கு? இருவரும் ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொண்டு, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், தமக்கு வேண்டிய இரண்டை மட்டும் எழுதுங்கள். ஆளுக்கு இரண்டு நாள். எதிலே விருப்பம் ஒத்துப்போகிறது, எதிலே போகவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும். அதுவே பாதிப் பயணம்.

எழுதுவதற்கு என்னென்ன இருக்கின்றன? சரித்திரம் பிடித்தவருக்குக் கோட்டை. 1533இல் ஸ்பானியர் அமைத்த நகரம் இது. 1586இல் ஆங்கிலேயக் கடலோடி டிரேக் இதைச் சூறையாடிப் பணம் பறித்துக்கொண்டு போனபின், ஊரைச் சுற்றி மதில் எழுப்பத் தொடங்கினார்கள். 1741இல் பெரும் கப்பற்படையோடு வந்த ஆங்கிலேயர் தோற்றுத் திரும்பினார்கள். மலாக்காக் கோட்டையில் நமக்கு மிஞ்சியது ஒரு வாயில்தான். இங்கே மதிலின் மேலேயே நடக்கலாம். வெயில் ஏறுமுன் சான் ஃபெலிப்பே கோட்டையைப் பார்த்துவிடுங்கள்.

மனிதர் கதை பிடித்தவருக்கு பெத்ரோ கிளாவர் தேவாலயம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய துறைமுகம் இது. 1654இல் மறைந்த அந்தப் பாதிரியார், கப்பலின் அடித்தளத்தில் இறங்கி அவர்களுக்குத் தண்ணீரும் மருந்தும் கொடுத்தவர். தப்பி ஓடிய அடிமைகள் அமைத்த பலேங்கே என்ற ஊர், 50 கிலோமீட்டர் தூரத்தில் இன்றும் இருக்கிறது. வண்ணப் பாவாடை கட்டி, தலையில் பழக்கூடையோடு நிற்கும் பெண்கள் அவ்வூர் வழிவந்தவர்கள். அவர்கள் காட்சிப் பொருள் அல்லர். பழம் வாங்குங்கள், கேட்டுப் படம் எடுங்கள், காசு கொடுங்கள்.

கடல் பிடித்தவருக்கு ரொசாரியோ தீவுகள். நகரத்துக் கடற்கரையில் தண்ணீர் கலங்கலாக இருக்கும். நீலக் கடல் தீவுகளில்தான். காலையில் படகேறி மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். சமையல் பிடித்தவருக்குத் தேங்காய்ப்பால் சோறும் பொரித்த மீனும். நாசி லெமாக் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அந்த மணம் அந்நியமாக இராது.

பணத்தில் மூன்று எச்சரிக்கைகள். டாக்சிகளில் மீட்டர் இல்லை. ஏறுமுன் கூலி பேசுங்கள். கடற்கரையில் யார் எதை நீட்டினாலும், விலை கேட்காமல் கையில் வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் வாங்கிப் போகாதீர்கள். பயணம் ஒன்பது நாளில் முடியும், கடன் முடியாது. உறவினர்களுக்கெல்லாம் சாமான் வாங்கும் பட்டியலையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஐந்தாம் நாளுக்கு ஒன்றுமே எழுதாதீர்கள். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் அஸ்தி இந்த நகரத்தில்தான் 2016 முதல் வைக்கப்பட்டிருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்து, முதுமையில் கைகூடிய காதலைப் பற்றி 1985இல் நாவல் எழுதியவர் அவர். நம் தம்பதியர் பலர் ஒரே வீட்டில் இருந்துகொண்டே அப்படிக் காத்திருக்கிறார்கள். மாலையில் மதில்மேல் உட்காருங்கள். பிள்ளைகளின் பேச்சும் வீட்டுக் கடனின் பேச்சும் வேண்டாம். முதலில் பேச ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். அவசரப்படாதீர்கள், சூரியன் கடலில் இறங்கும் வரை நேரம் இருக்கிறது.

சென்று வாருங்கள்!